சமையலறை வழியாகப் போன பாதை

மழைக்காலம் ஓய்ந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, காட்டு நடைபாதை தன் பழைய வழியை விட்டுவிட்டு வேன்காரம்மாவின் சமையலறை வழியாகப் போக ஆரம்பித்தது. திடீரென்று வந்துவிடவில்லை. டீசல் விலை ஏறுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. டிக்கெட் சாவடியைத் தாண்டியதும் காட்டுக்குள் திரும்ப வேண்டிய பாதை, திரும்பாமல் கடலோரச் சாலையை ஒட்டியே கீழே இறங்குவதை நடக்க வந்தவர்கள் சில வாரங்களாகவே கவனித்திருந்தார்கள். சனிக்கிழமை அது அவள் வீட்டு வேலியருகே வந்து நின்றிருந்தது. திங்கட்கிழமை காலை அவள் டீ போட எழுந்து வந்தபோது, அது முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே புகுந்து, பின்கதவு வழியாக மலைமேல் காட்டுக்குள் ஏறிப் போயிருந்தது. நேற்று வரை சிமெண்டுத் தரையாக இருந்த இடத்தில் பல வருஷம் மிதிபட்டு இறுகிய மண். ஓரங்களில் பெரணிச்செடி. பிரிட்ஜ் கதவில், நடப்பவர்களுக்கு வழிகாட்ட மரங்களில் அடித்திருப்பார்களே, அந்த மஞ்சள் பட்டை. அவள் பாலை அடுப்பில் வைத்தாள். அது பொங்குவதற்குள் முதுகுப்பை மாட்டிய ஓர் ஆணும் பெண்ணும் கூடத்திலிருந்து வந்து, "மன்னிச்சுக்குங்க, கடலுக்கு இப்படித்தானே?" என்று கேட்டார்கள். பின்கதவைக் காட்டிவிட்டு அவள் தீயைக் குறைத்தாள்.

அவளுக்கு வேன் ஓட்டுவது தொழில். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கடல், நடுவில் வளைந்து வளைந்து போகும் சாலை. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் காட்சிமுனை காட்சிமுனையாக நிறுத்திக் காட்டுவாள். மூடுபனியில் எதுவுமே தெரியாத நாளில்கூட, "அதோ அங்க, கொஞ்சம் இடது பக்கம்" என்று அவள் கையைக் காட்டினால் ஒன்றிரண்டு பேருக்காவது திமிங்கலம் தெரிந்துவிடும். அவள் கணவர் காட்டுப் பாதையைப் பராமரிப்பவர். எல்லோரும் பாதைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். விழுந்த மரத்தை அறுப்பது, மழையில் கரைந்த படிகளுக்குக் கட்டை போடுவது, மஞ்சள் பட்டை வெளுத்தால் திரும்ப அடிப்பது எல்லாம் அவர் வேலை. சாலை அவளுக்கு, பாதை அவருக்கு என்று பிரித்துக்கொண்டதுபோல இருந்தது குடும்பம். இரண்டும் ஒட்டி வரும் ஒரு வளைவில் அவர் ரம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார். அவள் ஹாரன் அடிப்பாள். வேனில் இருப்பவர்கள் யாரென்று கேட்டால், "தெரிஞ்சவர்தான்" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், பெரிய புயல் அடித்து ஓய்ந்த காலை, அவர் கைரம்பத்தையும் நீல மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தூறல் நிற்கட்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "விழுந்த மரம் எங்கயும் ஓடிடாதுங்க."

"மரம் ஓடாது. நடக்க வர்றவங்க தடுக்கி விழுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வனக்காவலர்கள் தேடினார்கள். ஊர்க்காரர்கள் தேடினார்கள். பாறைக்குக் கீழே படகில் போய்ப் பார்த்தார்கள். அந்தக் காட்டில் ஒரு மரம் விழுந்தால் அடுத்த மாதமே அதை இன்னொரு காடு மூடிவிடும். தேடியவர்களுக்கு ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. தேடல் ஓய்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. சாவடியில் டிக்கெட் கிழிப்பவர், அன்று மதியம் நகரத்துக்குப் போன பஸ்ஸில் அவரைப் போலவே ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். அவரைப் போலவே ஒருவர் என்பது இரண்டு நாளில் அவரேதான் என்று ஆனது. அடுத்த வாரம் கையில் ஒரு பெட்டி வந்தது. மாதக் கடைசிக்குள் பக்கத்து சீட்டில் ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வேன்காரம்மா இதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர் எங்கேயோ ஓர் ஊரில் வேறொருத்தியின் கையால் டீ குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் வயிறு எரிந்தது. ஆனாலும் அப்படி நினைக்கும்வரை அவர் உயிரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு விதமாக நினைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மகள்தான் முழுதாக நம்பினாள். கடற்கரை விடுதியில் வரவேற்பில் வேலை பார்த்தவள், அப்பாவின் சட்டைகளை விடுதித் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா ஏனென்று கேட்டதற்கு, "செத்துப்போனவருக்குன்னா அழுதுடுவேம்மா. ஓடிப்போனவருக்காக எல்லாம் என்னால அழ முடியாது" என்றாள். அழக்கூடாது என்பதற்காகவே அவள் அந்த பஸ்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் மறுபடி கேட்கவில்லை.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் பாதை வந்தது. முதலில் விசாரிக்க வந்தவன் அவள் அண்ணன், ஊரிலேயே பேர்போன கொத்தனார். சமையலறையில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "பின்கதவை அடைச்சுட்டா அது எங்கம்மா போகும்? வந்த வழியே போயிடும்" என்றான். அன்று மாலைக்குள் கல்லும் சிமெண்டும் வைத்துக் கதவை அடைத்துக் கொடுத்தான். மறுநாள் காலை அந்தச் சுவரில் ஓர் ஆள் குனியாமல் போகும் அளவுக்கு வளைவாக ஒரு திறப்பு இருந்தது. அதன் கற்களில் பாசி பிடித்து, ஒரு தலைமுறைப் பழசாகத் தெரிந்தது. அண்ணன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். தடவிப் பார்த்தான். "யாரு கட்டினானோ, என்னைவிட நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று முகம் சுருங்கச் சொல்லிவிட்டுப் போனவன், அதற்கப்புறம் அந்த வீட்டில் கொத்துவேலை பற்றிப் பேசியதேயில்லை. பிறகு வன அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி டேப்போடு வந்து அளந்தார். புது வரைபடத்தின்படி பாதை சரியான இடத்தில்தான் இருக்கிறது, வீடுதான் குறுக்கே வந்திருக்கிறது என்றார். நடப்பவர்கள் முகத்தில் படும்படி ஈரத்துணி காயப்போட வேண்டாம் என்று தன்மையாகவே கேட்டுக்கொண்டார். அவளும் கொடியை அவிழ்த்துக் குளியலறைப் பக்கம் கட்டிக்கொண்டாள்.

எதுவும் பழகிவிடும். காலையில் காட்டிலிருந்து மூடுபனி உள்ளே வந்து அடுப்பைச் சுற்றி நிற்கும்போது பால் காய நேரமாகும், அவ்வளவுதான். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பறவை கூடு கட்டியது. அது குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை அவள் வேறு டப்பா வாங்கி வைத்துக்கொண்டாள். நடப்பவர்கள் பெரும்பாலும் மரியாதைக்காரர்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று குழம்பி, பிறகு பாதைதானே என்று பூட்ஸோடு வருவார்கள். அவள் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தால் மூக்கை உறிஞ்சியபடி மெதுவாக நடப்பார்கள். சிலருக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு கிழவருக்குக் காலில் சுளுக்கு என்று கூடத்தில் படுக்க இடம் கொடுத்தாள். அவர்கள் எல்லோரையும் பாதை எப்போதும்போலக் காட்டைச் சுற்றிக் காட்டிக் கடலோரப் பாறையில் கொண்டுபோய் விட்டது. ஒருவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவள் மட்டும் அதில் நடக்கவில்லை. பின்திறப்பு வரை போவாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வெளியே வீசுவாள். திரும்பிவிடுவாள். பாதை யாருக்காக வந்திருக்கிறது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம், அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம், இங்கே வந்திருக்கிறது. அடுப்பைப் பார்த்தபடி நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அது காத்துக்கொண்டிருப்பது, கூப்பிட வந்த உறவுக்காரர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். "போனா தெரிஞ்சுடும்" என்று ஒருமுறை அண்ணன் மனைவியிடம் சொன்னாள். "தெரியறது நல்லதுதானேம்மா" என்பதுபோல அவள் எதையோ சொல்ல வாயெடுக்க, வேன்காரம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. மகளுக்குத் தூரத்து நகரத்தில் பெரிய ஓட்டலில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு அம்மாவும் கூட வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். வாங்குவதற்கு ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர், விடுதி கட்ட இடம் பார்ப்பவர். சமையலறைக்குள் வந்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பிரிட்ஜிலிருந்த மஞ்சள் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பாதையோட சேர்த்துத்தானே குடுக்கறீங்க? இங்கயே நாலு டேபிள் போட்டுடலாம். நடந்து வர்றவங்க உக்காந்து காபி குடிச்சுட்டுப் போவாங்க" என்றார். நல்ல மனிதர்தான், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு வேன்காரம்மா நெடுநேரம் சமையலறைத் தரையிலேயே, மண்மேல், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தன்னைத் தேடி வந்ததை இன்னொருவருக்கு விற்பதா என்பதைவிட, இத்தனை நாள் அதை நிற்கவைத்துவிட்டோமே என்பதுதான் அவளை அழுத்தியது. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"வித்துடலாம்" என்றாள் அம்மா. "அதுக்கு முன்னாடி ஒருதடவை போய்ப் பாத்துட்டு வந்துடலாம். நீயும் வா."

மகள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் அம்மா அவருடைய பழைய பூட்ஸுக்குள் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தன் ஷூவை எடுத்துவந்தாள்.

மேலே ஏறும் வரை பாதை எல்லோருக்கும் தெரிந்த பாதைதான். உச்சியில், கடல் பக்கம் வலதுகைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், இடதுகைப் பக்கம் இன்னொன்று திறந்து கிடந்தது. அங்கே நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களிடம் மகள், "இது எங்க போகுது?" என்று கேட்டாள். "எதைச் சொல்றீங்க அக்கா?" என்று அவர்கள் அங்கே இருந்த புதரைப் பார்த்தார்கள். அம்மா அதற்குள் உள்ளே இறங்கிவிட்டிருந்தாள். இறக்கம் முழுக்கக் கட்டைப் படிகள். ஒவ்வொன்றின் முகத்திலும் மழையில் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக ரம்பத்தால் கீறியிருந்தது. அவள் கணவர் மட்டும்தான் அப்படிக் கீறுவார். மற்ற பராமரிப்பாளர்கள் அவரைக் கேலி செய்வார்கள், படிக்குக் கட்டம் போட்ட சட்டை தைக்கிறார் என்று. மரத்தூள் அப்போதுதான் உதிர்ந்ததுபோல ஈரமாக, பிசின் மணத்தோடு கிடந்தது. மகள் ஒரு படியில் குனிந்து அந்தத் தூளை உள்ளங்கையில் எடுத்தாள். "அம்மா, அப்பா இங்கதான் எங்கயோ இருக்காரு" என்றாள். குரலில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். வந்தது வேறு. அப்பா என்று கத்திக்கொண்டே அவள் படிகளில் ஓடினாள்.

அடிவாரத்தில் ஒரு பள்ளம். குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதன் முதுகில் வரிசையாகச் சின்னக் கன்றுகள் முளைத்து இடுப்பளவு நின்றன. மரத்தில் பாதி அறுத்த இடத்தில் கைரம்பம் அப்படியே சிக்கியிருந்தது. அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது மரம் உருண்டிருக்கிறது. கீழே நீல மழைக்கோட்டு. அதற்குள் அவர், மிச்சமிருந்தவரை. பஸ்ஸில் யாருமே போகவில்லை. மகள் மண்டியிட்டு அந்தக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் போயிப்பா, உங்களைப் போயி..." என்பதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். அழட்டும் என்று அம்மா விட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் தூறலில் நனைந்தபடி, யாரோ முகம் தெரியாதவர்கள் தடுக்கி விழக்கூடாதே என்று, அன்று மதியம்கூட ஆகாத ஒரு நேரத்தில் இங்கே முடிந்துபோயிருந்தார். அவள் அன்று மாலை அவருக்கு ரொட்டியைச் சூடாக மூடி வைத்திருந்தாள். ஆறியதும் திரும்பச் சூடாக்கினாள். அது நினைவுக்கு வந்தது.

பிறகு ரம்பத்தை அசைத்துப் பார்த்தாள். துருவே இல்லை. "அந்தப் பக்கம் பிடி" என்றாள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுமுனையைப் பிடித்தாள். அவர் பாதியில் விட்ட அறுப்பை இருவருமாக இழுத்து இழுத்து அறுத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. மரம் முறிந்து விலகியபோது அதன்மேலிருந்த கன்றுகள் ஒன்றுகூடச் சாயவில்லை. மழைக்கோட்டோடு அவரைச் சுற்றித் தூக்கினார்கள். துவைக்கப் போடும் துணி மூட்டை அளவுக்குக்கூடக் கனமில்லை. திரும்பிப் படியேற வேண்டுமே என்று மகள் மேலே பார்த்தாள். படிகள் இல்லை. பாதை ஒரே ஒரு வளைவு வளைந்தது. வளைந்ததும் பாசி பிடித்த திறப்பு. அதற்குள் அவர்கள் வீட்டுப் பிரிட்ஜ் உறுமும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு பக்கத்துலயாம்மா இருந்தாரு?" என்றாள் மகள். பின்னால் வன அலுவலகத்தார் அந்தப் பள்ளத்தைத் தேடிப் போனபோது காலையில் கிளம்பியவர்கள் பொழுது சாயும்போதுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. நடப்பதற்கு வந்திருந்தவர்களும் பையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். டிக்கெட் கிழிப்பவர் வேலிக்கு வெளியே நெடுநேரம் நின்றார். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. வேன்காரம்மா அவரிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் குடித்தார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்தாள். மன்னித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் தொண்டை வறண்டிருந்தது, அது தெரிந்தது. வீட்டை விற்கவில்லை. மகள் வேலைக்குப் போனாள். ஞாயிறுதோறும் போன் பண்ணி, பேசும்போதெல்லாம் அப்பாவைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்டாள். அவருக்கு எந்தப் பக்கம் தூங்கப் பிடிக்கும், சின்ன வயதில் தன்னை என்னவென்று கூப்பிடுவார் என்றெல்லாம்.

சேதி பரவியது. மறுவருஷம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் மகன் சில வருஷம் முன்பு இந்தச் சாலையில் காரோட்டி வந்து, ஒரு காட்சிமுனையில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு, நடக்கப் போனவன். கார் இருந்தது, அவன் இல்லை. இருவரும் வேன்காரம்மாவின் சமையலறையில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் சில அடி நடந்தார். பிறகு இருவருமாகப் போனார்கள்; மாலைக்குள் பாதை எல்லோரையும்போலவே அவர்களையும் கடலோரப் பாறையில் விட்டுவிட்டது. அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. தையல்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். வாத்தியார் வீட்டம்மா கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும், தன் மகன் வெளிநாட்டில் இருப்பதாகவும் வேலை அதிகமென்பதால் பேச முடியவில்லை என்றும் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பனிக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் வேன்காரம்மா எழுந்து வந்தபோது சமையலறையில் பழைய சிமெண்டுத் தரை இருந்தது. பெரணி இல்லை, பட்டை இல்லை, அண்ணன் கட்டிய சுவர் முழுதாக இருந்தது. வெறும் காலில் சிமெண்டு சில்லென்று இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த மறுநாள்போல வீடு பெரிதாகத் தெரிந்தது. பால் வைக்கவும் தோன்றாமல் நின்றாள். சாலையில் பேச்சுக்குரல் கேட்டு வெளியே வந்து பார்த்தபோது, பாதை சாவடியிலிருந்து கடைத்தெருப் பக்கம் இறங்கி, தையல்கடையின் ஓரமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. படிகளில் மண்ணும் இலையும். கைப்பிடியில் மஞ்சள் பட்டை. மேலே வாத்தியார் வீட்டம்மா துடைப்பத்தால் படியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். "போ! இங்க யாரும் இல்லை, போ!" வாத்தியார் பின்னால் நின்று அவர் தோளைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக இருந்தார். கீழே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

வேன்காரம்மா மண் மிதித்து மேலே போனாள். துடைப்பத்தைப் பிடுங்கவில்லை. அந்த அம்மாவின் கை ஓயும் வரை பக்கத்திலேயே நின்றாள். ஓய்ந்ததும் அவர் படியிலேயே உட்கார்ந்தார். "அவன் வெளிநாட்டுலதான் இருக்கான்" என்றார்.

"சரிங்கம்மா."

"இது வந்துருச்சுன்னா..."

"ஆமாங்கம்மா" என்றாள் வேன்காரம்மா. அவளும் உட்கார்ந்தாள். "நான் ரெண்டு வருஷம் போகலை. அவரு அங்க அப்படியேதான் இருந்தாரு. நீங்க எப்ப போகணுமோ அப்பப் போங்க, அது காத்திருக்கும். ஆனா கதவை மட்டும் அடைக்காதீங்க. அடுப்பைக் கொஞ்சம் சுவரோரமா தள்ளிப் போட்டுக்குங்க. மழை வந்தா ஓரத்துல தண்ணி நிக்கும், ஒரு கோணி போட்டா போதும்."

வாத்தியார் உள்ளே போய் அடுப்பை நகர்த்தினார். அடுப்புமேஜையின் கால் தரையில் தேயும் சத்தம் கேட்டது. நகர்த்தி முடித்துவிட்டு வெளியே வந்து, ஷூ மாட்டிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா வேன்காரம்மாவைப் பார்த்து, "நீயும் வர்றியாம்மா, அந்தத் திருப்பம் வரைக்கும்?" என்று கேட்டார்.

முதல் காட்சிமுனைக்குப் போக டிக்கெட் வாங்கியவர்கள் சாலையில் வேனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பனி விலகிக் கடல் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு வேன் ஓடாது என்று அவர்களிடம் சொல்லிவிடும்படி தையல்காரரிடம் குரல் கொடுத்துவிட்டு, வேன்காரம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.